நிறைந்த தொட்டி நிற்பதில்லை

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் ஆபீசில் ஏசி இருக்கிறது.

போனில் கூப்பிடாமல் இதென்ன கடிதம் என்று நினைக்காதே. இருபது வருடம் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்றதில் என் இடது காது போய்விட்டது, உனக்கே தெரியும். வலது காதில் போனை வைத்தாலும் நீ பேசுகிற வேகத்துக்குப் பாதிதான் விழுகிறது. தவிர, எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" என்று நீ நழுவ முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் பெரிய கலவைத் தொட்டிக்கு நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த, மோட்டாரை மெதுவாகக் கிளப்புகிற சாஃப்ட் ஸ்டார்ட்டரைப் போன வாரம் மாட்டினோம். திங்கள் முதல் புதன் வரை தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். பழைய ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது கட்டடம் முழுக்க விளக்கு மங்கும். இதில் மங்கவே இல்லை. மேனேஜர் கைதட்டினார். நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

வியாழக்கிழமை முதல் தடவையாகச் சோப்புக் கூழை ஏற்றினார்கள். பாதி வேலையில் தொட்டி நின்றது. கலவைக்காரர் மறுபடி பட்டனை அமுக்கினார். மோட்டார் உறுமியதே தவிர அசையவில்லை. பத்து விநாடியில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் தானே அணைந்துவிட்டது. அமுக்கினார், அணைந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு, சூடாகிவிட்டது, அரை மணி நேரம் காத்திருக்கவும் என்று திரையில் எழுத்து வந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் கூழ் கல்லாகிவிடும். அவர் பேனல் அறைக்கு ஓடி, பேனலைத் திறந்து, மின்சாரத்தை நேரே மோட்டாருக்கு விடுகிற கான்டாக்டரை ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பிடித்தார். மோட்டார் ஒரே உதறாக உதறிக் கிளம்பியது. கியர்பாக்ஸின் தண்டு முறிந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். 27ஆம் தேதி விசாரணை. "இயக்கியவரின் தவறு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார் மேனேஜர். அந்த ஒரு வரியில் ஒரு மனிதனின் பத்தொன்பது வருட வேலை போய்விடும்.

நான் அன்றைக்கே, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் வேண்டும் என்று கேட்டேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? "அக்கா, ஒரே வேகத்துல ஓடற மோட்டாருக்கு எதுக்கு டிரைவ்? அடுத்த தெருவுக்குப் போக விமானம் கேக்கற மாதிரி இருக்கு." மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். என் தொழிற்சாலையில், என் முன்னால்.

இப்போது நீ ஒரு பக்கம் எழுதிக் கொடு. இந்தச் சுமைக்கு இந்தத் தேர்வு தவறு என்று. விசாரணைக் குழுவில் மூன்று பேருக்கும் மின்சாரம் தெரியாது, அதனால் சுவிட்ச் போடத் தெரிந்தவருக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

நான் நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கலவைக்காரருக்கு நேர்ந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் நீ கேட்கிற கடிதத்தை நான் எழுத மாட்டேன், ஏனென்றால் அது உண்மை இல்லை.

டிரைவ் வேண்டாம் என்று நான் சும்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் மோட்டார் இரண்டு தடவை எரிந்து, மறுபடி கம்பி சுற்றப்பட்டது. பேனல் அறைக்கும் மோட்டாருக்கும் நடுவே நூற்று நாற்பது மீட்டர் கேபிள். டிரைவ் மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பும். அவ்வளவு நீளக் கேபிளின் கடைசியில் அந்தத் துண்டுகள் மோதி எழும்பி, பழைய சுற்றின் காப்பைக் கிழித்துவிடும். பேனல் அறையோ கொதிகலன் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கே பத்து நிமிஷம் நின்றதில் என் சட்டை நனைந்துவிட்டது. அந்தச் சூட்டில் டிரைவ் ஒரு கோடையைத் தாண்டாது. இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். உனக்கு அந்த விமானம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ன செய்யும் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வோல்டேஜைக் குறைத்துக் கொடுத்து மெதுவாகக் கிளப்பும். வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் இழுக்கும் பலம் கால்வாசியாகிவிடும். காலித் தொட்டிக்குக் கால் பலம் தாராளம். கெட்டிக் கூழுக்குப் போதாது. அதனால்தான் எங்கள் ஃபாரத்தில் பதினான்காவது கேள்வி இருக்கிறது: "சுமையோடு நின்று, சுமையோடு மறுபடி தொடங்க வேண்டியிருக்குமா?" அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா? நகல் வைத்திருக்கிறேன், பார். "இல்லை. நிறைந்த தொட்டி நிற்பதில்லை." உன் கையெழுத்து. கீழே ஒரு கோடு வேறு போட்டிருக்கிறாய்.

நிற்காத தொட்டிக்குத்தான் நான் ஸ்டார்ட்டர் கொடுத்தேன். உன் தொட்டி நின்றால் அதற்கு நானா பொறுப்பு? என் தேர்வு தவறு என்று நானே எழுதிக் கொடுத்தால் நாளை என் முதலாளி என்னை எந்த வேலைக்கு அனுப்புவார்? ஏப்ரலில் டிசைன் பிரிவுக்கு என்னைத் தலைவனாக்கப் போவதாகப் பேச்சு. அதையும் சேர்த்து உன் மேனேஜரின் காலடியில் வைக்கட்டுமா?

உன் கடிதத்தை என் மனைவி இரண்டு தடவை படித்துவிட்டாள். "உங்கக்கா திட்டறதே ஒரு அழகுதான்" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

நகல் எடுத்து அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டாய். நல்லது. அக்கா என்ன, கோர்ட்டில் எதிர்த்தரப்பா?

எழுதினேன். இல்லை என்றுதான் எழுதினேன். எங்கள் விதிப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது: "தொட்டியில் கூழ் இருக்கையில் கலவையை நிறுத்தக்கூடாது." அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உன் ஃபாரத்தையே நிரப்பினேன். விதியைப் பார்த்து எழுதியவளைக் குற்றவாளி என்கிறாய், தொட்டியைப் பார்க்க என்று இரண்டு நாள் வந்து தங்கி, சாப்பிட்டு, தூங்கிவிட்டுப் போனவன் உத்தமன். நன்றாக இருக்கிறது நியாயம். விற்பனையாளன் விற்பனையாளன்தான், தம்பியாகப் பிறந்தாலும்.

கேபிள், சூடு, பழைய சுற்று, எல்லாம் சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வை, மோட்டாரை மாற்று என்று சொல்வதற்கான காரணங்கள். டிரைவே வேண்டாம் என்பதற்கு இல்லை. தடை வந்தால் சுற்றிப் போவாயா, வீட்டுக்குத் திரும்பிவிடுவாயா?

எனக்கு இப்போது வேறொரு கோபமும் இருக்கிறது. விதியில் கூடாது என்று இருக்கும்போது அந்த மனிதர் பாதி வேலையில் தொட்டியை ஏன் நிறுத்தினார்? கேட்டால் மேனேஜர் "அதத்தான் நானும் கேக்கறேன்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்கப் போகிறேன்.

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

ஒன்று: நான் விற்பனையாளன் இல்லை. டிசைன் இன்ஜினியர்.

இரண்டாவது, அம்மாவிடம் ஏன் சொன்னாய்? காலையில் போன் பண்ணி, "ஏன்டா, அக்காவோட ஸ்டார்ட்டர ஒடச்சுட்டியாமே?" என்கிறாள். சின்ன வயதில் உன் பொம்மையை உடைத்ததற்கு எந்தக் குரலோ, அதே குரல். அந்தப் பொம்மையையும் நான் உடைக்கவில்லை என்பதை இங்கே எழுத்திலேயே பதிவு செய்கிறேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தம்பி

*

மார்ச் 18

தம்பிக்கு,

உன்னிடம் இல்லாவிட்டால் என்ன, என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து படி.

கலவைக்காரர் வீடு மூன்றாம் மாடி. அவர்தான் கதவைத் திறந்தார், பனியனோடு. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், உட்காரச் சொல்லவில்லை. நான் போன வேகத்தில் கேட்டுவிட்டேன்: "கூழ் இருக்கும்போது ஏன் தொட்டிய நிறுத்தினீங்க? விதி தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தார். "நான் நிறுத்தலையே மேடம். மூடியத் தொறந்தேன், நின்னுச்சு. அந்த சுவிட்ச நீங்கதானே வெச்சீங்க?"

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஓடுகிற தொட்டிக்குள் அவர் விட்ட துடுப்பு சுழலில் மாட்டி, அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அதற்குப் பிறகு, மூடியைத் திறந்தால் மோட்டார் தானே நிற்கிற மாதிரி நான்தான் ஒரு சுவிட்ச் வைத்தேன். பாதுகாப்புக்கு என்று பெருமையாகப் படம் எடுத்து உனக்குக்கூட அனுப்பினேன். சோப்புக் கூழ் பதமாகிவிட்டதா என்று மீட்டர் சொல்லாது. கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தொட்டிக்கு மூன்று தடவை. மூன்று தடவை மூடி திறக்க வேண்டும், மூன்று தடவை மோட்டார் நிற்கும், மூன்று தடவையும் நிறைந்த தொட்டியோடு கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தொட்டி. கணக்குப் போட்டுக்கொள். பழைய ஸ்டார்ட்டர் முழு மின்சாரத்தையும் ஒரே அடியாகக் கொடுத்து இழுத்துவிட்டது. விளக்கு மங்கியதற்கும், மோட்டார் இரண்டு தடவை எரிந்ததற்கும் காரணம் அதுதான். நாம் அந்த எரிப்பை நிறுத்தத்தான் புது ஸ்டார்ட்டர் வாங்கினோம். எதனால் எரிகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

நிறைந்த தொட்டியை நிற்க வைத்தவள் நான். நிறைந்த தொட்டி நிற்பதில்லை என்று எழுதிக் கீழே கோடு போட்டவளும் நான். சுவிட்சை வைத்த கையும் ஃபாரத்தை எழுதிய கையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. விதிப் புத்தகமோ சுவிட்ச் வைப்பதற்கு ஆறு வருடம் முன்னால் அச்சடித்தது.

ஏன் குச்சியால் அழுத்தினீர்கள், காத்திருந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் காலை நீட்டிப் பாதத்தைக் காட்டினார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை தொட்டி இறுகிவிட்டது. கடப்பாரையோடு உள்ளே இறங்கி இரண்டு நாள் வெட்டி எடுத்தவர் அவர்தான். சோப்புக் காரம் பூட்ஸுக்குள் இறங்கி இரண்டு பாதத்திலும் தோல் உரிந்து, இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. "அது இறுகினா மேனேஜர் எறங்க மாட்டார் மேடம். நீங்களும் எறங்க மாட்டீங்க" என்றார். ஒரு குற்றச்சாட்டாகக்கூடச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. "ஒங்க தம்பி வந்தப்பகூட மூடியத் தொறந்து கூழ இழுத்துக் காட்டினேனே. பக்கத்துலதான் நின்னாரு" என்றார். அன்றைக்கு உன் மீட்டர் மோட்டாரில் மாட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை எடுத்துப் பார். அதைப் பார்த்த பிறகும் உன்னிடம் எழுத ஒன்றும் இல்லை என்றால் நான் இனி கேட்க மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

பார்த்தேன்.

காலை எட்டு நாற்பதுக்கு மின்னோட்டக் கோட்டில் ஒரு ஏற்றம். அது காலித் தொட்டி கிளம்பியது. பிறகு பத்தே முக்கால் வரை நேர்கோடு. அதற்கப்புறம், மதியத்துக்குள், மூன்று ஏற்றங்கள். முதல் ஏற்றத்தைப் போல நான்கு மடங்கு அகலம். எந்த மாணவனும் பார்த்த உடனே சொல்லுவான், இது சுமையோடு கிளம்புகிற மோட்டார் என்று. இரண்டாவது ஏற்றத்துக்கு மேலே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. என் பென்சில்.

நான் பார்த்திருக்கிறேன், அக்கா. பார்த்து, கேட்க வேண்டும் என்று குறித்தும் வைத்திருக்கிறேன். அப்புறம் உன் ஃபாரம் வந்தது. அதில் "இல்லை" என்று இருந்தது. அந்த "இல்லை" எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? கேட்கப் போனால் இன்னொரு நாள் தங்க வேண்டும். தங்கினால் கணக்கு மாறும், டிரைவ் என்று வரும், புது மோட்டார், புது அறை என்று நீளும். மேனேஜர் முன்னால் விமானம் என்று கேலி பண்ணிவிட்டு மறுநாளே விமானத்துக்கு டிக்கெட் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் மேல் கோபம் வருகிறது. அப்படி எழுதி என்னைக் காப்பாற்றிவிட்டாயே என்று.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மறந்திருப்பாய், அல்லது மறந்த மாதிரி இருக்கிறாய். ஃபாரத்தின் கடைசியில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பொறுப்பாளர், இன்னொன்று இயந்திரத்தை இயக்குபவர். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "ரெண்டு எடத்துலயும் நீயே போட்டுடுக்கா" என்றேன். நீயும் போட்டாய். நான் அனுப்பிய நகலில் கீழ்ப்பகுதியை மடித்து வைத்து எடுத்திருந்தேன். அதை இப்போதுதான் சொல்கிறேன்.

என் முதலாளியிடம் பேசினேன். "வாடிக்கையாளர் கொடுத்த விவரத்தின்படி செய்தோம், அதோடு நிறுத்திக்க" என்கிறார். இதைத் தாண்டி எழுதினால் கம்பெனி சார்பாக எழுதக் கூடாதாம்.

எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. பொய் சொல்ல விரும்பாததால் இதை மட்டும் எழுதுகிறேன்.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

மறக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

என் அறிக்கையை இன்று கொடுத்துவிட்டேன். மூடி சுவிட்ச், பதினான்காம் கேள்வி, இரண்டு கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. படித்துவிட்டு மேனேஜர், "இது உங்க தலையில நீங்களே கல்லப் போட்டுக்கறது" என்றார். என் தலை, நான் போட்டுக்கொள்கிறேன். அடுத்தவர் தலையில் போடுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது, எனக்கு இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பேக்கிங் பிரிவு வரைக்கும் கேட்டதாம்.

ஆனால் வெறும் என் வாயால் சொல்வதை, தெரிந்தவருக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். உன் பதிவில் இருக்கிற அந்த மூன்று ஏற்றத்தைத் தள்ள முடியாது. உன்னைக் கெஞ்சவில்லை. 27ஆம் தேதி என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

பதிவின் அசலை, பென்சில் கேள்விக்குறியோடு, கூரியரில் விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு பக்கம். கம்பெனித் தாளில் இல்லை, வெள்ளைத் தாளில், வீட்டு முகவரி போட்டு. சுவிட்ச் போடத் தெரிந்தவருக்குப் புரிகிற மாதிரி:

"கெட்டிக் கூழை நின்ற இடத்திலிருந்து கிளப்ப முழு பலம் வேண்டும். நான் கொடுத்த கருவியால் அந்தப் பலத்தைக் கொடுக்க முடியாது. டிரைவ், வேகத்தைக் குறைத்தாலும் பலத்தைக் குறைக்காது. அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தொட்டி சுமையோடு கிளம்புவதை நான் நேரில் பார்த்தேன். கலவைக்காரர் குச்சியை எடுத்தது ஆபத்தான காரியம். ஆனால் அவரை அந்த இடத்தில் குச்சியோடு நிறுத்தியவர்கள் நாங்கள் இரண்டு பேர்."

என் மனைவிதான் கடைசி வரியில் "நாங்கள்" என்பதை அடித்துவிட்டு "நான்" என்று எழுதச் சொன்னாள். உன்னை அவ்வளவு சுலபமாகத் தப்பவிட எனக்கு மனமில்லை.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலமா?

கலவைக்காரரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு. எனக்கும் ஒன்று வந்தது, அவருடையதை விடக் கனமாக. மேனேஜருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. உனக்குத் தலைவர் பதவி இல்லை என்று அம்மா சொன்னாள். அதற்கும் சேர்த்து எரிகிறது. நம் வேலையில் உண்மையைச் சொன்னவன் நாற்காலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ.

டிரைவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. புது மோட்டாரும். கொதிகலனை விட்டு விலகி, மோட்டாரிலிருந்து பன்னிரண்டு மீட்டரில், ஒரு சின்ன அறையைக் காலி செய்து குளிர்சாதனம் போட்டிருக்கிறேன். உன் மூன்று தடைகளையும் சுற்றிப் போயாகிவிட்டது. உன் சாஃப்ட் ஸ்டார்ட்டரைத் தூக்கி எறியவில்லை. கழுவுதண்ணீர்ப் பம்புக்கு மாட்டினேன். அதற்கு ஒரே வேகம் போதும், கிளம்பும்போது சுமையும் குறைவு. பம்பு நிற்கும்போது சுவரெல்லாம் அதிரக் குழாய் அடிக்குமே, அது அடங்கிவிட்டது. நல்ல கருவிதான். நாம்தான் அதை அனுப்பக் கூடாத இடத்துக்கு அனுப்பினோம்.

கலவைக்காரர் முதல் நாள் வந்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போய் நின்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அந்தப் பழைய ஃபாரத்தக் காட்டுங்க மேடம்" என்றார். காட்டினேன். "இயக்குபவர் கையொப்பம்" என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்தார். பிறகு, பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காத குரலில், "நான் என்ன வெளியூர்லயா இருந்தேன்? பத்தடி தள்ளித்தானே நின்னேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். என் வலது பக்கம் நின்றுதான் சொன்னார். முழுசாகக் கேட்டது.

டிரைவுக்கான புது ஃபாரத்தை அவர் கையில் கொடுத்தேன். தொட்டிப் பக்கத்திலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். மேனேஜர் இரண்டு தடவை வந்து மணியைப் பார்த்துவிட்டுப் போனார். பதினான்காம் கேள்வியில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. "எத்தன தடவைன்னு எழுத எடமே இல்லையே, என்ன ஃபாரம் இது" என்று உன் கம்பெனியைத் திட்டிவிட்டு, ஓரத்தில் அவரே எழுதினார்: "ஆம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. குளிர் நாளில் பதினைந்து." அந்தப் பதினைந்து எனக்கும் தெரியாது, உன் மீட்டருக்கும் தெரியாது.

ஃபாரத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். கீழே மடிக்காமல் பார். இரண்டு கையெழுத்து இருக்கிறது. அதில் ஒன்றுதான் என்னுடையது.

அக்கா